நிறத்தைத் தப்பாகச் சொல்லும் பிள்ளையைத் திருத்துவதற்கு முன்னால்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், முடிச்சூர், மேடவாக்கம் வட்டாரத்துப் பள்ளிகளில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,



நிறத்தைத் தப்பாகச் சொல்லும் பிள்ளை ஒன்றாவது உங்கள் கையில் வந்திருக்கும். மரத்தின் தண்டுக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் அடித்த பிள்ளை. ரோஸ் கலர் எடு என்றால் சாம்பல் நிறத்தை நீட்டிய பிள்ளை. ‘கவனம் போதாது’ என்று அதன் நோட்டில் எழுதியிருப்பீர்கள், அல்லது பக்கத்தில் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கடிந்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்காக உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

என் அக்கா மகன் மூன்றாம் வகுப்பு. சுதந்திர தினத்தை ஒட்டி வகுப்பில் எல்லாரையும் தேசியக்கொடி வரையச் சொன்னார்கள். அவன் ஸ்கேல் வைத்து மூன்று பட்டை போட்டு, நடுச்சக்கரத்தின் 24 ஆரங்களையும் எண்ணி எண்ணி வரைந்திருந்தான். பெட்டியில் இருந்த க்ரயான்கள் பழசு; பெயர் அச்சடித்த தாள் உரிந்துபோனவை. காவி என்று நினைத்து அவன் எடுத்தது இளம்பச்சை. மேல்பட்டை ஒரு பச்சை, கீழ்ப்பட்டை இன்னொரு பச்சை. ‘கொடியை வைத்து விளையாடுகிறாயா?’ என்று கேட்டு, மணி அடிக்கும்வரை வகுப்பின் முன்னால் நிற்கவைத்தார்கள். வீட்டுக்கு வந்து தாளை அம்மாவிடம் நீட்டி, ‘இதுல என்னம்மா தப்பு?’ என்று கேட்டிருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்த ஆசிரியையிடம் இப்படிப் பிள்ளைகள் உண்டு என்று இதுவரை யாராவது சொல்லியிருப்பார்களா? என் காலத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத அதே கண்தான் எனக்கும். மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே கண் வாய்த்தது தற்செயல் இல்லை.

விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அவற்றில் சிவப்புப் பக்கத்து ஒளியையும் பச்சைப் பக்கத்து ஒளியையும் பிடிக்கும் இரண்டு வகைகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. அதில் மாறுதல் இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. அம்மாவுக்கு இரண்டு இருப்பதால் ஒன்றில் மாறுதல் இருந்தும் அவள் பெரும்பாலும் எல்லா நிறத்தையும் சரியாகப் பார்ப்பாள். மாறுதலை மட்டும் பிள்ளைக்குக் கடத்தக்கூடும். அதனால்தான் இது அம்மா வழித் தாத்தாவிடம் இருந்து பேரனுக்குத் தாவுகிறது, தாய்மாமனிடமும் மருமகனிடமும் ஒருசேரத் தெரிகிறது. ‘மாமனைக் கொண்டு பிறந்திருக்கிறான்’ என்று நம் வீடுகளில் சொல்வது இந்த ஒரு விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை. பெண்பிள்ளைகளுக்கு இது அபூர்வம். ஆனால் நம் பக்கம் அக்கா மகளைக் கட்டும் வழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. மாமனுக்கு இந்தக் கண் இருந்து, மணப்பெண்ணும் அந்த மாறுதலைச் சுமப்பவளாக இருந்தால், பிறக்கும் பெண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே ‘இது பையன்கள் சமாச்சாரம்’ என்று பெண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. நூறு பையன்களில் இரண்டு முதல் நான்கு பேர் என்ற அளவில் பெரும்பாலான கணக்குகள் சொல்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் உங்கள் பள்ளியில் சேரும் பையன்களை எண்ணிப்பாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே வருஷா வருஷம் சில பேர் கடந்துபோகிறார்கள்.

அதே சமயம், நிறத்தைத் தப்பாகச் சொல்லும் பிள்ளைகள் எல்லாருக்கும் கண்ணில் குறை என்று நான் சொல்ல வரவில்லை. இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நம் ஊரில் பாதிப்பேர் வேறு எங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், வட ஆற்காடு என்று ஜி.எஸ்.டி. சாலையின் இருபக்கமும் எல்லா மாவட்டத்துத் தமிழும் கேட்கும். தென்மாவட்டத்து வீடுகள் பலவற்றில் ஊதா என்றால் வானத்தின் நிறம், பேனா மையின் நிறம். ‘ஊதாச் சட்டை’ என்று ஆச்சி சொல்வது நீங்கள் நீலம் என்று சொல்லும் சட்டையைத்தான். அந்த வீட்டில் நீலம் என்ற சொல் வெள்ளைத்துணிக்குப் போடும் சொட்டு நீலத்தோடு நின்றுவிடும். பாடப்புத்தகத்து வானவில்லிலோ ஊதா ஒரு ஓரத்து நிறம். கருநீலமும் நீலமும் அதற்கு அடுத்து வரும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வானத்தைக் காட்டி ஊதா என்றால் அது பார்த்ததும் சரி, அதன் வீட்டுத் தமிழும் சரி. அதற்குப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்தால் போதும்; தப்பு என்று கோடு போடத் தேவையில்லை. கட்டட வேலைக்கு வந்த ஒடியா, இந்திக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது உங்களிடம் படிக்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது சொல்லில்.

பெரியவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. ஜவுளிக்கடையில் மயில்கழுத்துப் புடவையை விரித்துப்போட்டால் ஒருவர் பச்சை என்பார், கூட வந்தவர் நீலம் என்பார். இரண்டு பேர் கண்ணும் நன்றாகத்தான் இருக்கும். நம் மாநகராட்சிக்குள்ளேயே அனகாபுத்தூரில் தறி ஓடுகிறது. நெசவும் ஜவுளியும் தெரிந்தவர்கள் அரக்கு, வாடாமல்லி, கத்திரிப்பூ, பாக்கு, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, எம்.எஸ். நீலம் என்று பிரித்துச் சொல்வதில் பாதியை நானோ நீங்களோ சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவோம். ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் கருநீலத்துக்கும் தனித்தனி அடிப்படைப் பெயர்கள். அங்கே பிள்ளைகள் அவற்றை இரண்டு நிறமாகவே கற்கின்றன. ஜப்பானியர்கள் சாலையின் பச்சை விளக்கை நீலத்துக்கான சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். பிரென்ட் பெர்லின், பால் கே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல மொழிகளின் நிறப்பெயர்களைத் திரட்டி 1969-ல் நூலாகப் போட்டதில் இருந்து, நிறத்தை மொழி எப்படிக் கூறுபோடுகிறது என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

இப்போது அந்த ஊதாவுக்கே திரும்பி வாருங்கள். நீலத்தில் சிவப்பு கலந்தால் வருவது உங்கள் புத்தகத்து ஊதா. சிவப்பைச் சரியாகப் பிடிக்காத கண்ணுக்கு அந்தக் கலப்பு தெரியாது. நீலமும் ஊதாவும் ஒன்றாகவே தெரியும். ஆக, வானத்தை ஊதா என்று சொன்ன பிள்ளை நாங்குநேரிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம், என் மருமகனைப் போன்ற பிள்ளையாகவும் இருக்கலாம். வாயில் வரும் விடை ஒன்றே, அதன் வேர் இரண்டு. ‘இது என்ன கலர்?’ என்று எத்தனை முறை கேட்டாலும் இரண்டையும் உங்களால் பிரிக்க முடியாது. அந்தக் கேள்வி பெயரைத்தான் சோதிக்கிறது.

பெயரே இல்லாமல் கேளுங்கள். நான் உங்களிடம் கேட்கும் முதல் உதவி இதுதான். க்ரயான்களின் தாளை உரித்துவிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகள் பெயரைப் படித்தே தப்பித்துவிடுவார்கள், நானும் அப்படித்தான் தப்பித்தேன். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாக, ஒரு வெள்ளைத்தாளின் மேல் பரப்புங்கள். பழுப்பு ஒன்றைக் கையில் எடுத்து, ‘இதே மாதிரி இருக்கறதை எல்லாம் எடுத்துக் கொடு’ என்று சொல்லுங்கள். பெயர் மட்டும் தெரியாத பிள்ளை பழுப்புகளைச் சரியாகப் பொறுக்கிக் கொடுக்கும். இந்தக் கண் உள்ள பிள்ளை பழுப்போடு ஒரு பச்சையையும் சேர்த்துக் கொடுக்கும், கொஞ்சமும் தயங்காமல். அந்தத் தயக்கமின்மையைக் கவனியுங்கள். விளையாட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். இது பார்க்காது.

தன் கண் வேறு என்பது யாருக்கும் தானாகத் தெரியவராது என்பதற்கு உங்களுக்குத் தெரிந்த ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். அணுக்கொள்கைப் பாடத்தில் வரும் ஜான் டால்டன் 1766-ல் பிறந்தவர். 1792-ல், ஒரு ஜெரேனியம் பூ பகலில் தனக்கு வான நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிவதைக் கவனித்தார். மற்றவர்களைக் கேட்டார், யாருக்கும் அப்படித் தெரியவில்லை, அவருடைய சகோதரரைத் தவிர. அதன் பிறகே தன் கண்ணைப் பற்றி ஆராய்ந்து 1794-ல் மான்செஸ்டரில் ஒரு கட்டுரை படித்தார். கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பி, தான் இறந்த பின் சோதிக்கச் சொன்னார். 1844-ல் சோதித்தார்கள், நீர் தெளிவாகவே இருந்தது. பத்திரப்படுத்தி வைத்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995-ல் பார்த்தபோதுதான் பச்சைப் பக்கத்துக் கூம்புச் செல்லின் மரபணு இல்லாதது தெரிந்தது. அவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கே 25 வயது தாண்டித்தான் தெரிந்தது என்றால், எட்டு வயதுப் பையன் உங்களிடம் வந்து ‘மிஸ், எனக்குக் கலர் வேற மாதிரி தெரியுது’ என்று எப்படிச் சொல்வான்? பிறந்ததில் இருந்து அவன் பார்க்கும் உலகம் அதுதான்.

எனக்கு ரயில்வே மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அதன் வலி சொல்லாமலே புரியும். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-ல் மின்ரயில் ஓடத் தொடங்கியதில் இருந்து ரயில்வே வேலை நம் தெருக்களின் கனவு. லோகோ பைலட் ஆக வேண்டும் என்று டிப்ளமோ முடித்து, கோச்சிங் போய், எழுத்துத் தேர்வையும் திறன் தேர்வையும் தாண்டி, வீட்டில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்த பிறகு, மருத்துவமனையில் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். புள்ளி புள்ளியாகப் பல நிறம்; அதற்குள் ஒரு எண். முதல் பக்கத்தில் 12 எனக்குத் தெரிந்தது. அது எல்லாருக்கும் தெரியும்படி வைத்த பக்கம் என்று பிறகு அறிந்தேன். அடுத்த பக்கங்களில் எனக்குப் புள்ளிகளைத் தவிர எதுவும் இல்லை. ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917-ல் வெளியிட்ட சோதனை அது. சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. பத்து வயதில் அதே சில நிமிடம் எனக்குக் கிடைத்திருந்தால் நான் வேறு படிப்பு படித்திருப்பேன்.

அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. லோகோ பைலட்டும் உதவி பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். மழையிலும் இருட்டிலும் அந்தச் சொல்லை நம்பி ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்கிறார்கள். 1875-ல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகு, ஃபிரித்யோஃப் ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் ரயில் ஊழியர்களுக்கு நிறக் கம்பளிநூல்களைக் கொடுத்துப் பொருத்தச் சொல்லும் சோதனையைக் கொண்டுவந்தார். நூலைப் பொருத்து, பெயர் சொல்லாதே. நான் உங்களிடம் கேட்கும் க்ரயான் சோதனையும் அந்த வழியில் வந்ததுதான். விதி இருக்கட்டும். அந்த விதி தனக்குப் பொருந்தும் என்று ஒரு பையனுக்கு எந்த வயதில் தெரிய வேண்டும் என்பதே என் கேள்வி.

ஏனென்றால் சீக்கிரம் தெரிந்தால் வழி நிறைய இருக்கிறது. ரயில்வேயிலேயே எழுத்தர் போன்ற பணிகளுக்கு நிறப்பார்வை கேட்பதில்லை. லேசானதும் நடுத்தரமானதுமான நிறப்பார்வைக் குறை உள்ளவர்கள் ஓட்டுநர் உரிமம் எடுக்கலாம் என்று மத்திய அரசு 2020 ஜூனில் விதியைத் திருத்தியது. புனே திரைப்படக் கல்லூரி எந்தப் பாடப்பிரிவிலும் இவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்திலேயே, மின்வாரிய உதவிப் பொறியாளர் தேர்வில் தேறிய ஒருவர் இதே காரணத்தால் நிறுத்தப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு முறை வென்று, மேல்முறையீட்டில் தோற்று, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் போய்த்தான் பொருத்தமான பிரிவில் அவருக்கு வேலை கொடுக்க உத்தரவு கிடைத்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இந்தக் குறை இல்லை; சலுகையும் கிடையாது, வாய்ப்பும் கிடையாது என்று நடுவில் நிற்கும் நிலையை நீதிபதிகள் அந்தத் தீர்ப்பில் சுட்டிக்காட்டினார்கள். வென்றவர்களுக்காகச் சந்தோஷப்படுகிறேன். ஆனால் உங்கள் பிள்ளைகள் எல்லாரும் டெல்லிவரை போய் வழக்காட முடியுமா?

பள்ளியில் ஆண்டுதோறும் கண் பார்க்கிறார்களே என்று நீங்கள் சொல்லலாம். பார்க்கிறார்கள், 2009-ல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் கண்ணாடி போட்டுக் கரும்பலகையைப் படிக்கிறார்கள். ஆனால் தூரத்து அட்டையின் கறுப்பு எழுத்தைக் கூர்மையாகப் படிக்கும் கண்ணுக்கும் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியலாம். என் பார்வை எப்போதும் 6/6தான். எழுத்து அட்டை ஒன்றைச் சோதிக்கிறது, இஷிஹாரா புத்தகம் வேறொன்றை. முகாமுக்கு வரும் குழுவிடம் அந்தப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். எண் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக விரலால் கோட்டைத் தொடர்ந்து போகும் பக்கங்களும் அதில் உண்டு. செல்போன் திரையில் இதைச் செய்யாதீர்கள், திரைக்குத் திரை நிறம் மாறும். சந்தேகம் வந்த பிள்ளையை அரசு மருத்துவமனைக்கோ வேறு கண் மருத்துவரிடமோ அனுப்புங்கள். உறுதி செய்ய வேண்டியவர் அவர்.

தெரிந்த பிறகு வகுப்பில் நீங்கள் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். நிறத்தோடு ஒரு எழுத்தையும் சேர்த்துவிடுங்கள். நம் ஊரில் ஓடும் பிங்க் பஸ் எனக்கு வெளுத்த சாம்பலாகத்தான் தெரியும். மகளிருக்குக் கட்டணம் இல்லை என்று எழுத்தும் ஒட்டியிருப்பதால் அது எது என்று எனக்குத் தெரிகிறது. வரைபடத்தில் பச்சை, பழுப்போடு கோடும் புள்ளியும் போட்டுக் காட்டுங்கள். கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸால் எழுதினால் எனக்கெல்லாம் அது பலகையோடு கரைந்துவிடும். வெள்ளையிலோ மஞ்சளிலோ எழுதுங்கள். மேல்வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலின் முடிவுப்புள்ளி, குடுவையில் நிலைத்து நிற்கும் வெளிர் இளஞ்சிவப்பு. என்னைப் போன்ற பையன் அதைத் தாண்டி ஊற்றிக்கொண்டே போவான். பியூரெட் அளவு ஒவ்வொரு முறையும் வேறாக வரும், மதிப்பெண் போகும். பக்கத்தில் ஒரு தோழனை நிறம் பார்க்கச் சொல்லி அனுமதித்தால் அவன் கணக்கும் சரியாக வரும், வேதியியலும் அவனுக்குப் பிடித்துவிடும்.

‘நிறக்குருடு’ என்ற சொல்லை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். மதிய இடைவேளைக்குள் அது அவன் பெயராகிவிடும். பிறகு இருபது பேர் சூழ்ந்துகொண்டு ‘இது என்ன கலர், அது என்ன கலர்’ என்று சட்டையையும் பையையும் காட்டுவார்கள். பெற்றோரைத் தனியே கூப்பிட்டு, இது நோய் இல்லை, பெருகாது, படிப்பைத் தடுக்காது என்று முதலில் சொல்லுங்கள். அம்மாவின் வழியாக வருவது என்று சொல்ல நேர்ந்தால், அவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதையும் அதே மூச்சில், அப்பாவும் பாட்டியும் கேட்கும்படி சொல்லுங்கள். என் அக்கா இதற்காக வீட்டில் கேட்ட பேச்சுக்கு அளவில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும்போது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுங்கள். ஒரு இஷிஹாரா புத்தகத்தை நாலைந்து பள்ளிகள் சேர்ந்து வாங்கினால் போதும். மாறி மாறி வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு முறை காட்டுங்கள், முடிவைப் பெற்றோரிடம் எழுத்தில் கொடுங்கள். அதுவரை, நிறம் மாறி வந்த படத்தின் மேல் பேனாவை வைக்கும் முன் அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, இரண்டு க்ரயானைக் காட்டி, இவை ஒன்றா வேறா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
சேலையூரிலிருந்து ஒரு தாய்மாமன்